ஆபீஸ் இண்டர்நெட் போன்: யாருக்கு எந்த அமைப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு இண்டர்நெட் போன் பொருத்திக் கொடுப்பது என் தொழில். பட்டர்வொர்த்தில் லாரி கம்பெனியாக இருந்தாலும் சரி, பிரிக்ஃபீல்ட்ஸில் கிளினிக்காக இருந்தாலும் சரி, எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

1. இண்டர்நெட் போன்னா என்ன? பழைய போனை விட இதில என்ன புதுசு?

பழைய போனில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு கம்பி. எந்தக் கம்பியில் மாட்டினீர்களோ அந்த நம்பர்தான் அடிக்கும். இண்டர்நெட் போனைக் கம்ப்யூட்டர் மாட்டும் அதே லேன் கேபிளில் மாட்டுகிறோம். மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் எஸ்ஐபி என்ற நெறிமுறைப்படி நடக்கிறது. 2002-ல் வெளியான அதன் வரையறைதான் இன்றைக்கும் அடிப்படை. அதனால்தான் யீலிங்க், ஃபேன்வில் என்று வேறு வேறு கம்பெனிகளின் போன்களை ஒரே எக்ஸ்சேஞ்சில் சேர்க்க முடிகிறது.

அலுவலகத்தின் அழைப்புகளை இணைத்துவிடும் அந்த எக்ஸ்சேஞ்சைப் பிபிஎக்ஸ் என்கிறோம். அது யீஸ்டார், கிராண்ட்ஸ்ட்ரீம் போன்ற பெட்டியாக இருக்கலாம். 1999-ல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க், அதற்கு முகப்பாக வந்த ஃப்ரீபிபிஎக்ஸ் என மென்பொருளாகவும் இருக்கலாம். இதில் போன் தன் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லிப் பிபிஎக்ஸில் பதிவு செய்துகொள்கிறது. ஆகவே நம்பர் கம்பிக்குச் சொந்தமில்லை, அந்தப் பதிவுக்குச் சொந்தம். யாருக்கு என்ன வசதி என்று ஆள் பார்த்து அமைக்க முடிவது இதனால்தான்.

2. எங்க ஆபீஸ்ல பன்னெண்டு பேருதான் அண்ணே. இதுக்குப் போய் குரூப் எல்லாம் தேவையா?

தேவை. ஒரே மாதிரி அனுமதியும் வசதியும் வேண்டியவர்களைச் சேர்த்து வைப்பதுதான் குரூப். அது இல்லாமல் விட்டால், கிடங்குச் சுவரில் தொங்கும் போனுக்கும் முதலாளி மேசைப் போனுக்கும் ஒரே அனுமதி கிடைத்துவிடும். இரவில் கிடங்குப் பக்கம் வந்துபோகும் யாரும் வெளிநாட்டுக்குப் பேசலாம். பில் வந்த பிறகு யார் பேசினார்கள் என்று தேடுவதில் பலன் இல்லை.

பன்னிரண்டு பேருக்கு மூன்று குரூப் போதும். அமைக்க அரை நாள் ஆகும். நாளைக்கு ஆள் கூடும்போது புது ஆளை ஏதாவது ஒரு குரூப்பில் சேர்த்தால் வேலை முடிந்தது.

3. எத்தனை குரூப் பிரிக்கணும்? டிபார்ட்மெண்ட் வாரியா பிரிச்சா போதுமா?

டிபார்ட்மெண்ட் வாரியாகப் பிரிப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் பல சமயம் பொருந்தாது. நான் முதலில் போனைத் தொடுவதே இல்லை. ஒரு தாளில் எல்லார் பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் கேட்பேன். இவர் வெளியே எங்கெல்லாம் கூப்பிட வேண்டியிருக்கும்? இவர் எடுக்காவிட்டால் அழைப்பு எங்கே போகணும்? இவர் போனின் பட்டன்களில் யார் யார் தெரியணும்? இந்த மூன்றுக்கும் ஒரே பதில் வரும் ஆட்கள் ஒரு குரூப். அவர்கள் எந்த டிபார்ட்மெண்ட், என்ன பதவி என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கவுண்டரில் இருப்பவர்கள் உள்ளூருக்கும் கைப்பேசிக்கும் கூப்பிட்டால் போதும். அவர்களுக்கு வரும் அழைப்பை யாராவது ஒருவர் உடனே எடுத்தாக வேண்டும். டிரான்ஸ்போர்ட் ஆட்கள் நாள் முழுக்க டிரைவர்களின் கைப்பேசிக்கே கூப்பிடுகிறார்கள். கணக்குக் கிராணிக்கு வெளி அழைப்பு குறைவு, எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயில் போதும். வெளிநாட்டு ஏஜெண்டுகளோடு பேசும் இரண்டு பேரும் மேலாளர்களும் வெளிநாட்டு அனுமதி வேண்டியவர்கள். மிச்சம் இருப்பவை கிடங்கு, கார்டு போஸ்ட் (காவலாளி இருக்கும் இடம்), கூட்ட அறை ஆகிய இடங்களில் உள்ள போன்கள். இவற்றுக்கு ஆள் கிடையாது, இடம்தான். ஆக ஐந்து குரூப். கணக்குப் பிரிவிலேயே ஒருவர் சிங்கப்பூர், சென்னை ஏஜெண்டுகளோடு பில் பேசுபவராக இருந்தால் அவர் நான்காவது குரூப்புக்குப் போவார். டிபார்ட்மெண்ட் பார்த்துப் பிரித்திருந்தால் அவருக்காக மொத்தக் கணக்குப் பிரிவுக்கும் வெளிநாட்டைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.

4. எக்ஸ்டென்ஷன் நம்பரை நம்ம இஷ்டத்துக்குக் கொடுக்கலாமா?

எக்ஸ்டென்ஷன் என்பது அலுவலகத்துக்குள் ஒருவரைக் கூப்பிட அழுத்தும் சின்ன எண். இஷ்டத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் சில எண்களைத் தவிர்க்க வேண்டும். 0-ல் தொடங்கினால் வெளி நம்பரோடு மோதும். 1-ல் தொடங்கினால் 100, 103 போன்ற சேவை எண்களோடும் 1-300, 1-800 எண்களோடும் மோதும். 9-ல் தொடங்கவே கூடாது, அது அவசர எண்ணான 999-க்கு உரியது. ஆகவே 2 முதல் 8 வரைதான் கையில் இருக்கிறது. கவுண்டருக்கு 2-ல் தொடங்கும் எண்கள், டிரான்ஸ்போர்ட்டுக்கு 3, கணக்குக்கு 4 என்று முதல் இலக்கத்தைக் குரூப்புக்குக் கொடுத்தால், நம்பரைப் பார்த்ததுமே யார் என்று தெரியும்.

ஜார்ஜ்டவுனில் இன்னொரு தொல்லை உண்டு. அங்கே பல லேண்ட்லைன் எண்கள் 226, 261 என்று ஆரம்பிக்கும். ஊருக்குள் 04 போடாமல் ஏழு இலக்கம் மட்டும் அழுத்திப் பழகியவர்கள் நிறைய. உங்கள் எக்ஸ்டென்ஷனில் 226 இருந்தால், மூன்று இலக்கம் அழுத்தியதும் போன் அதற்கு மேல் இலக்கம் வருமா என்று சில விநாடி காத்திருக்கும், அல்லது உடனே உள்ளே இருக்கும் ஆளுக்கு மணி அடித்துவிடும். எல்லாரையும் 04 சேர்த்தே அழுத்தச் சொல்லிவிடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும், மோதலும் தீரும்.

5. ஒவ்வொரு போனாப் போய் உட்கார்ந்து செட் பண்ணணுமா?

வேண்டாம். முப்பது போனுக்குக் கையால் அமைத்தால் முப்பது விதமாகத்தான் இருக்கும். தானியங்கி அமைப்பு எல்லா நல்ல போனிலும் உண்டு. போன் மின்சாரம் வாங்கி எழுந்ததும் டிஎச்சிபி சர்வரிடம் ஐபி முகவரி கேட்கும். அப்போது அந்தப் பதிலோடு சேர்ந்து போகும் ஆப்ஷன் 66 என்ற குறிப்பு வழியாக, 'உன் அமைப்பு ஃபைல் இந்த முகவரியில் இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். போன் அங்கே போய்த் தன் மேக் முகவரி பெயரில் உள்ள ஃபைலை எடுத்துக்கொள்ளும். மேக் முகவரி என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், போனின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

யீலிங்கை எடுத்துக்கொண்டால், அந்த மாடல் போன்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஃபைலும், ஒவ்வொரு போனுக்கும் தனி ஃபைலும் உண்டு. இரண்டிலும் ஒரே விஷயம் இருந்தால் தனி ஃபைல் சொல்வதே செல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடைய குரூப் வருகிறது. பிபிஎக்ஸில் குரூப்புக்கு ஒரு டெம்ப்ளேட், அதாவது மாதிரி அமைப்பு, எழுதி வைத்தால், தனி ஃபைலை அது தானே உருவாக்கிக் கொடுக்கும். நேர மண்டலம், மொழி, நிர்வாகி பாஸ்வேர்டு ஆகியவை பொதுவில். பட்டன்கள், மணி, ஃபார்வர்டு ஆகியவை குரூப் டெம்ப்ளேட்டில். பெயர், எக்ஸ்டென்ஷன், அதன் பாஸ்வேர்டு ஆகியவை தனி ஃபைலில். இப்படி மூன்று அடுக்காக வைத்தால், கவுண்டர் போன்கள் எல்லாவற்றிலும் ஒரு பட்டனை மாற்ற ஒரே ஓர் இடத்தைத் தொட்டால் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த ஃபைல்களுக்குள் பாஸ்வேர்டு இருக்கிறது. பாஸ்வேர்டே கேட்காத பழைய டிஎஃப்டிபி முறையில் வைத்தால் நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் எடுத்துப் படிக்கலாம். எச்டிடிபிஎஸ் முகவரியில், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்படி வையுங்கள். போனோடு வரும் 'அட்மின்' என்ற நிர்வாகி பாஸ்வேர்டையும் முதல் நாளே பொது ஃபைல் வழியாக மாற்றிவிடுங்கள்.

6. வெளிநாட்டுக் காலை போன்லயே பிளாக் பண்ணிட்டேன். போதும்தானே?

போதாது. போனில் எழுதும் டயல் விதி ஆளுக்கு உதவி செய்வதற்கு மட்டும். அதே எக்ஸ்டென்ஷன் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு கைப்பேசி ஆப்பில் போட்டால் அந்த விதி அங்கே இருக்காது. அனுமதி என்பது எப்போதும் பிபிஎக்ஸில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு குரூப்பும் எந்த வெளிவழியைப் பயன்படுத்தலாம் என்று அங்கே எழுதுகிறோம்.

நம் நாட்டில் இதைப் பிரிப்பது சுலபம். 03, 04 போன்ற லேண்ட்லைன் ஒரு வழி. 01-ல் தொடங்கும் கைப்பேசி ஒரு வழி. சபா, சரவாக்குக்கு 08. வெளிநாட்டுக்கு 00. அப்புறம் 1-300, 1-800. கிடங்கு, கார்டு போன்ற இடப் போன்களுக்கு உள் அழைப்பு மட்டும். கவுண்டருக்கு லேண்ட்லைன், கைப்பேசி. 00 வழியை ஒரு குரூப்புக்கு மட்டும் திறந்து, அதற்கும் நீங்கள் உண்மையில் வியாபாரம் செய்யும் நாடுகளின் குறியீட்டை மட்டும் எழுதுங்கள். சிங்கப்பூருக்கு 65, இந்தியாவுக்கு 91, இந்தோனேசியாவுக்கு 62 என்று நாலைந்து போதும். மற்றதெல்லாம் தானாக அடைபட்டுப் போகும்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. திருடர்கள் பலவீனமான பாஸ்வேர்டு உள்ள எக்ஸ்டென்ஷனைக் கண்டுபிடித்து, வெள்ளி இரவு ஆரம்பித்து, தூரத்து நாடுகளின் கூடுதல் கட்டண எண்களுக்கு மணிக்கணக்கில் கூப்பிடுவார்கள். திங்கள் காலைதான் உங்களுக்குத் தெரியும். நாடுகளை அடைத்து வைத்திருந்தால் பாஸ்வேர்டு போனாலும் பெரும் பணம் போகாது. லைன் கொடுக்கும் கம்பெனியிடமும் தினசரி உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள்.

7. கைப்பேசியில சேமிச்ச நம்பரை அப்படியே அழுத்தினா போக மாட்டேங்குது. ஏன்?

அது +60 12 என்று சேமிக்கப்பட்டிருக்கும். உங்கள் விதி 01 என்று எதிர்பார்க்கிறது. பிபிஎக்ஸில் ஒரு விதி சேருங்கள்: +60 அல்லது 60-ல் தொடங்கினால் அதை எடுத்துவிட்டு 0 வை. + என்று தொடங்கும் மற்ற எண்களுக்கு + இருக்கும் இடத்தில் 00 வை. இரண்டாவது விதி கேள்வி 6-ல் சொன்ன 00 அனுமதிக்கு உட்பட்டே ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கார்டு போஸ்ட் போன்ல வெளி லைனே இல்லைன்னா, அவசரத்துக்கு என்ன பண்றது?

999 எல்லா போனிலும் போக வேண்டும். எந்தக் குரூப்பாக இருந்தாலும், யாரும் பதிவு செய்யாத கூட்ட அறைப் போனாக இருந்தாலும் சரி. கேள்வி 6-ல் சொன்ன வழிகளுக்கெல்லாம் மேலே, முதல் வழியாக 999-ஐ எழுதுங்கள். பழைய எக்ஸ்சேஞ்சில் வெளி லைனுக்கு 9 அழுத்திப் பழகியவர்கள் பதற்றத்தில் 9999 அழுத்துவார்கள். அதையும் 999-க்கே அனுப்புங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். கோலாலம்பூர்க் கிளையின் போன்கள் பினாங்கு அலுவலகத்தின் லைன் வழியாக வெளியே போகும்படி பலர் அமைக்கிறார்கள். சாதாரண அழைப்புக்கு அது சரி. 999-க்குக் கூடாது. பினாங்கு முகவரியில் பதிவான லைனிலிருந்து அழைப்பு போனால், உதவி தேவைப்படும் இடம் எது என்பதில் குழப்பம் வரும். ஒவ்வொரு கிளைக்கும் அங்கேயே பதிவான ஒரு லைனாவது வைத்து, 999-ஐ அதன் வழியே விடுங்கள். போனுக்குப் பக்கத்தில் அந்த இடத்தின் முழு முகவரியை எழுதி ஒட்டுங்கள். புதிதாக வந்த கார்டுக்குக் கட்டட எண் தெரிந்திருக்காது.

மின்சாரம் போனால் இண்டர்நெட் போனும் போகும். மோடம், ரூட்டர், லேன் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், பிபிஎக்ஸ் நான்கும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மூன்றை மட்டும் மாட்டினால் பயனில்லை.

9. கவுண்டருக்கு வர்ற கால் எல்லா போன்லயும் ஒரே நேரத்துல அடிக்கணுமா?

நாலைந்து பேர் இருக்கும் கவுண்டருக்கு அதுதான் நல்லது. யார் கை சும்மா இருக்கிறதோ அவர் எடுப்பார். வரும் அழைப்புக்கு இப்படிச் சேர்ந்து அடிக்கும் போன்களை ரிங் குரூப் என்கிறோம். பத்துப் பேர் இருந்தால் வேண்டாம், சத்தத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. அப்போது கியூ வையுங்கள். வாடிக்கையாளர் வரிசையில் காத்திருப்பார், அழைப்பு ஒவ்வொருவராக முறை மாற்றிப் போகும்.

20 விநாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் அடுத்த இடத்துக்குத் தள்ளுங்கள். அந்த இடம் என்ன என்பதுதான் கேள்வி 3-ல் கேட்ட இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் விட்ட குரூப்பில்தான் வாடிக்கையாளர் மணி அடித்து அடித்து வைத்துவிடுவார்.

10. ரிங் குரூப்புல என் கைப்பேசியையும் சேர்த்தேன். இப்ப எந்தக் காலும் கவுண்டருக்கு வர்றதில்ல!

உங்கள் கைப்பேசி அணைந்திருக்கும், அல்லது சிக்னல் இல்லாத இடத்தில் இருந்திருப்பீர்கள். கைப்பேசியின் வாய்ஸ்மெயில் உடனே எடுத்துக்கொள்ளும். பிபிஎக்ஸைப் பொறுத்தவரை யாரோ எடுத்துவிட்டார்கள், ஆகவே மற்ற போன்களில் மணி நின்றுவிடும். வாடிக்கையாளர் உங்கள் வாய்ஸ்மெயிலிடம் பேசிக்கொண்டிருப்பார்.

ரிங் குரூப்பில் அழைப்பை உறுதி செய்யும் வசதி இருக்கிறது. ஃப்ரீபிபிஎக்ஸிலும் உண்டு. அதை இயக்கினால், வெளி நம்பரில் எடுத்தவர் 1 அழுத்தினால்தான் அழைப்பு அவருக்குப் போகும். வாய்ஸ்மெயிலுக்கு 1 அழுத்தத் தெரியாது. கைப்பேசி எண் இருக்கும் எல்லாக் குரூப்பிலும் இது கட்டாயம் இருக்கட்டும்.

11. தமிழ்ல பேசறவங்களுக்குத் தனி வழி வைக்க முடியுமா?

முடியும், வைக்கவும் வேண்டும். வயதான தாய்மார்கள் கிளினிக்குக் கூப்பிட்டு, மலாயிலோ ஆங்கிலத்திலோ என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுகிறார்கள். அவர்களை இழக்கத் தேவையில்லை. வரவேற்புக் குரலில் மலாய்க்கு 1, ஆங்கிலத்துக்கு 2, மாண்டரினுக்கு 3, தமிழுக்கு 4 என்று வைக்கலாம். தமிழ் வரி கடைசியில் வருவதால், வரவேற்பு நீண்டால் கேட்பவர் அதுவரை பொறுக்க மாட்டார். ஒவ்வொரு மொழிக்கும் ஒரே வரி, அந்தந்த மொழியிலேயே, நான்கும் சேர்ந்து 15 விநாடிக்குள் முடியட்டும்.

பதிவு செய்பவர் தெளிவாக, வீட்டில் பேசுகிற தமிழில் பேசட்டும். 'தமிழில் பேச நான்கை அழுத்துங்கள்' என்றாலே போதும். செய்தி வாசிப்பது போல வேண்டாம். ஆஸ்டெரிஸ்க் வகைக்கு 16 பிட், 8 கிலோஹெர்ட்ஸ், மோனோ வேவ் ஃபைலாகக் கொடுங்கள். கைப்பேசியில் பதிந்ததை மாற்றாமல் போட்டால் ஓடாது, அல்லது கரகரக்கும்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. 4 அழுத்தினால் யாருக்கு அடிக்கும்? தமிழ் பேசும் இருவரைச் சேர்த்து ஒரு ரிங் குரூப் செய்யுங்கள். இருவரும் சாப்பிடப் போயிருந்தால் 20 விநாடியில் பொதுக் கவுண்டருக்குப் போகட்டும். அழைப்பின் பெயருக்கு முன்னால் ஓர் அடையாளம் சேர்த்தால், எடுப்பவர் திரையைப் பார்த்ததும் 'வணக்கம்' என்று தொடங்கலாம். அந்த அடையாளத்தைத் தமிழ் எழுத்தில் வைக்கும் முன் ஒரு போனில் பாருங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும்.

12. ஒருத்தரே கவுண்டர், தமிழ், இரவு ட்யூட்டி எல்லாத்துலயும் இருக்கார். எந்தக் குரூப்புல போடறது?

இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே கூப்பிடும் அனுமதி ஒருவருக்கு ஒன்றுதான். வரும் அழைப்பைப் பெறும் ரிங் குரூப்பில் அவர் எத்தனையில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே அவர் அனுமதியில் கவுண்டர் குரூப். கேள்வி 11-ல் சொன்ன தமிழ் ரிங் குரூப்பிலும் இரவு ரிங் குரூப்பிலும் உறுப்பினர்.

இதே காரணத்தால்தான், 'முதலாளியை எல்லாக் குரூப்பிலும் போடு' என்று யாராவது சொன்னால் நான் தயங்குவேன். அனுமதி எல்லாம் அவருக்குக் கொடுக்கலாம். எல்லா ரிங் குரூப்பிலும் போட்டால் அவர் போன் நாள் முழுக்க அடிக்கும், இரண்டே நாளில் மணியை அணைத்துவிடுவார். யார் பேசுகிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அதற்குப் பட்டனில் விளக்கு வைக்கலாம். பேசினால் சிவப்பு, காலியாக இருந்தால் பச்சை. மணி அடித்தால் அதே பட்டனை அழுத்தி அவரே எடுத்தும் பேசலாம்.

13. லீவு நாள் மெசேஜ் பினாங்குக்கும் கேஎல்லுக்கும் ஒண்ணா வைக்கலாமா?

வேண்டாம். ஜூலை 7 ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகர நாள், பினாங்கில் மட்டும் விடுமுறை. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச நாள், கோலாலம்பூரில் விடுமுறை, பினாங்கில் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் கிளை இருந்தால் அது சிலாங்கூர், டிசம்பர் 11 சுல்தான் பிறந்தநாள் அங்கே விடுமுறை. கோலாலம்பூரில் வேலை நாள். ஆகவே மாநிலத்துக்கு ஒரு விடுமுறைப் பட்டியல், கிளைக்கு ஒரு நேர விதி.

நோன்புப் பெருநாள், தீபாவளி, தைப்பூசம் ஆகியவை வருடா வருடம் தேதி மாறும். டிசம்பரிலேயே அடுத்த ஆண்டுத் தேதிகளை உட்கார்ந்து சேர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம் என்றால் அதற்கும் தனி நேர விதி வேண்டும். போன்களின் நேர மண்டலம் ஜிஎம்டி +8, கோடை நேர மாற்றம் அணைந்திருக்கட்டும்.

14. போனையும் கம்ப்யூட்டரையும் ஒரே கேபிள்ல மாட்டலாமா?

மாட்டலாம். பெரும்பாலான போன்களின் பின்னால் இரண்டு துளை இருக்கும். சுவரிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு. ஆனால் இரண்டையும் தனித்தனி வி-லேனில் வையுங்கள், அதாவது ஒரே கேபிளுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்கில். எல்எல்டிபி-மெட் என்ற வசதி உள்ள சுவிட்ச் என்றால் போன் தன் வி-லேனைத் தானே தெரிந்துகொள்ளும். குரல் பொட்டலங்களுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முத்திரை குத்தினால், யாரோ பெரிய ஃபைல் இறக்கும்போதும் குரல் முதலில் போகும். ஜி.711 என்ற குரல் முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 90 கிலோபிட். ஒரே நேரத்தில் இருபது பேர் பேசினாலும் 2 மெகாபிட்டுக்குள்தான். ஃபைபர் லைனில் கொள்ளளவு பிரச்சினை இல்லை, நெரிசலில் முன்னுரிமைதான் பிரச்சினை.

போனுக்கு மின்சாரத்தையும் லேன் கேபிள் வழியே கொடுக்கும் சுவிட்ச் வாங்கும்போது எத்தனை துளை என்பதோடு மொத்தம் எத்தனை வாட் என்றும் பாருங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு துளை 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரண மேசைப் போன் அதில் பாதிகூட எடுக்காது. ஆனால் ரிசப்ஷனில் கூடுதல் பட்டன் பலகை மாட்டிய போனும் வைஃபை கருவிகளும் அதே சுவிட்சில் இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

15. வீட்டிலிருந்து வேலை செய்றவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் குரல் கேக்குது. என்ன கோளாறு?

மணி அடிக்கிறது, எடுக்க முடிகிறது, ஆனால் ஒருவர் குரல் மட்டும் வரவில்லை என்றால் எஸ்ஐபி சரியாகப் போகிறது, குரல் வரும் ஆர்டிபி பாதை அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் வீட்டு ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை அணையுங்கள். உதவி செய்வதாகப் பெயர், ஆனால் முகவரிகளைத் தவறாக மாற்றிவிடும். அப்புறம் பிபிஎக்ஸில் அலுவலகத்தின் வெளி ஐபி சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்டெரிஸ்கில் குரலுக்கான போர்ட்டுகள் வழக்கமாக 10000 முதல் 20000 வரை.

இவர்களைத் தனிக் குரூப்பாக வைப்பதுதான் நல்லது. அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வரும் விபிஎன் வழியாக வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வேறு யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் முறைகளைப் போடுங்கள்: எஸ்ஐபிக்கு 5061 போர்ட்டில் டிஎல்எஸ், குரலுக்கு எஸ்ஆர்டிபி. எஸ்ஐபியின் வழக்கமான போர்ட்டான 5060-ஐ உலகத்துக்கே திறந்து வைத்தால், கேள்வி 6-ல் சொன்ன திருடர்கள் அன்றைக்கே வந்து தட்டிப் பார்ப்பார்கள்.

16. பாயான் லெபாஸ் ஃபேக்டரியில ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறுது. ஒரு மேசைக்கு மூணு பேர். மூணு போனா?

ஒரு போன் போதும். ஹாட் டெஸ்க் முறையில் வந்தவர் தன் எக்ஸ்டென்ஷனும் பின் எண்ணும் அழுத்திப் பதிவு செய்துகொள்வார். அவருடைய அனுமதி, வாய்ஸ்மெயில் எல்லாம் அந்தப் போனுக்கு வந்துவிடும். போகும்போது வெளியேறுவார். வெளியேற மறப்பவர்கள் இருப்பார்கள், ஆகவே ஷிப்ட் முடியும் நேரத்தில் பிபிஎக்ஸே எல்லாரையும் வெளியேற்றும்படி வையுங்கள். யாரும் பதிவு செய்யாத நேரத்தில் அந்தப் போன் இடப் போன்தான். உள் அழைப்பு, கேள்வி 8-ல் சொன்ன 999, அவ்வளவுதான்.

17. பேசறதை ரெக்கார்ட் பண்ணலாமா? எல்லாருக்கும் போட்டுடலாமா?

எல்லாருக்கும் போடாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. வியாபாரத்துக்காக ஒருவரின் விவரங்களைச் சேகரித்தால் அவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மலாயிலும் ஆங்கிலத்திலும். ஆர்டர் எடுக்கும் குரூப்புக்குப் பதிவு தேவை என்றால், அழைப்பு இணையும் முன் அறிவிப்பு ஒலிக்கட்டும். தமிழ் வழியில் வருபவருக்குத் தமிழிலும் சொல்லுங்கள், புரியாத அறிவிப்பால் அவருக்கு என்ன பயன்? மனிதவளம், மேலாளர் குரூப்புகளுக்குப் பதிவை அணைத்தே வையுங்கள். பதிவைக் கேட்கும் உரிமை ஓரிருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

இடமும் யோசியுங்கள். சுருக்காத வேவ் ஃபைல் ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 மெகாபைட் பிடிக்கும். எத்தனை நாள் வைத்திருப்பது என்று முதலிலேயே முடிவு செய்து, அதற்குமேல் தானாக அழியும்படி வையுங்கள்.

18. வேலையை விட்டுப் போனவரோட நம்பரைப் புது ஆளுக்கு அப்படியே கொடுக்கலாமா?

நம்பரைக் கொடுக்கலாம். பாஸ்வேர்டைக் கொடுக்கக் கூடாது. பழைய ஆள் தன் கைப்பேசி ஆப்பில் அதே எக்ஸ்டென்ஷனை வைத்திருப்பார். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் உங்கள் வாடிக்கையாளர் அழைப்பு அவர் வீட்டிலும் அடிக்கும். எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டு, வாய்ஸ்மெயில் பின், கைப்பேசிக்குத் திருப்பிவிட்ட ஃபார்வர்டு, ரிங் குரூப்பில் இருக்கும் அவருடைய சொந்தக் கைப்பேசி எண் ஆகிய நான்கையும் அவர் கிளம்பும் அன்றே பாருங்கள். கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

19. குரூப் டெம்ப்ளேட்டை மாத்திட்டேன். நாலு போன் மாறிடுச்சு, ரெண்டு போன் மட்டும் பழையபடியே இருக்கு. ஏன்?

அந்த இரண்டு போனிலும் யாரோ கையால் பட்டனை மாற்றியிருப்பார்கள். யீலிங்கில் கையால் செய்த மாற்றத்தைக் காக்கும் வசதி இயங்கினால், அப்படிச் செய்த மாற்றம் தனியாக ஓர் உள்ளூர் ஃபைலில் சேமிக்கப்படும், கேள்வி 5-ல் சொன்ன மூன்று அடுக்குக்கும் மேலாக அதுவே செல்லும். சர்வர் எத்தனை முறை அனுப்பினாலும் போன் தன் உள்ளூர் மாற்றத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த உள்ளூர் அமைப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். போனையே தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

அழிக்கும் முன் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எதற்காக மாற்றினார் என்று. டிரான்ஸ்போர்ட் கிராணி கார்டு போஸ்ட் பட்டனை முதல் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தால், லாரி வாசல் கேட்டுக்கு வந்ததும் அவருக்கு அதுதான் முதலில் வேண்டும். அப்படியானால் அந்தப் பட்டனைக் குரூப் டெம்ப்ளேட்டிலேயே முதல் இடத்தில் வையுங்கள். அந்தக் குரூப்பில் ஒரே ஒரு போனுக்கு முதலில் அனுப்பிப் பார்த்து, அவர் சரி என்றபின் மற்றவற்றுக்கு இரவில் அனுப்புங்கள். பகலில் அனுப்பினால் சில போன்கள் பாதிப் பேச்சில் அணைந்து எழும்.